பரங்கிமலைக் கோயிலும் அதன் கற்சிலுவையும்

ஒரு நாட்டின் சரித்திரத்தை ஏட்டில் மட்டும் தேடுவோர் அதன் பாதியையே காண்பர். மற்றப் பாதி கல்லிலும் சுண்ணத்திலும் கிடக்கின்றது. பிரெஞ்சு நாட்டின் சிற்றூர்களில் இடைக்காலத்தில் எழுந்த கோயில்கள் பல இன்றும் நிற்கின்றன. அவற்றுள் ஒன்றினுட் புகுந்து நோக்குவான் ஒருவன், அடித்தளம் ஒரு காலத்தது, பருத்த தூண்கள் பிறிதொரு காலத்தன, கூரிய வளைவுகள் அதற்கும் பிற்பட்டன, மணிக்கூண்டோ மிக அண்மையது என்று கண்டறிவான். தலைமுறை தலைமுறையாக ஊரார் தம் பிறப்பையும் மணத்தையும் இறப்பையும் அக்கோயிலிலேயே பதிந்து வைத்தனர். ஆதலின் அஃது ஊரார் அனைவரும் சேர்ந்து எழுதிய ஓர் ஏடு போன்றதாயிற்று.

நம் செங்கல்பட்டு நாட்டில், பல நாட்டார் கைகள் பல காலத்து எழுதிய கிறிஸ்தவ ஆலயம் அங்ஙனம் ஒன்று உண்டோ எனின், உண்டு. அது பரங்கிமலையின் உச்சியிலுள்ள தேவமாதா கோயிலாகும். அளவில் அது சிறியது. அழகிலும் ஐரோப்பியப் பேராலயங்களோடு ஒப்பிடத் தக்கதன்று. ஆயினும் பாரசீகக் கிறிஸ்தவர், போர்த்துக்கேசியர், அர்மீனியர், ஆங்கிலேயர், தமிழர் ஆகிய பல்லோர் வரலாறும் அச்சிறு குன்றின்மேல் ஒருங்கே கூடிக் கிடக்கின்றன. அவற்றுள் கல் கூறுவது யாது, மக்கள் கூறுவது யாது என்று வேறு பிரித்து அறிவதே இக்கட்டுரையின் நோக்கம். அவ்வாறு பிரித்தறிதல் வெறும் கல்விப் பொழுதுபோக்கன்று என்பதும் இறுதியில் விளங்கும்.

மலையும் கல்லும்

பரங்கிமலை நெடுங்காலம் செங்கல்பட்டு ஜில்லாவின் சைதாப்பேட்டைத் தாலுகாவைச் சேர்ந்திருந்தது. 2018-ஆம் ஆண்டில் அது சென்னை மாவட்டத்தோடு இணைக்கப்பட்டது. எல்லைக் கோடு மாறிற்றேயன்றி மண் மாறவில்லை. ஏறக்குறைய 300 அடி உயரமுள்ள இக்குன்று, கோவளம், மாமல்லை, சதுரங்கப்பட்டினம் என்று தெற்கு நோக்கி நீளும் கடற்கரைக்கு ஓர் தலைமாடு போல நிற்கின்றது. உச்சியில் நின்று கிழக்கே நோக்குவார்க்குக் கடல் தெரியும்.

பெயரைப் பற்றி இரு வேறு கொள்கைகள் உள. பிருங்கி முனிவர் தவஞ்செய்தமையால் பிருங்கிமலை எனப்பட்டு, அதுவே மருவிற்று என்பர் ஒரு சாரார். பரங்கியர் குடியேறினமையால் பரங்கிமலை ஆயிற்று என்பர் மற்றொரு சாரார். பரங்கி என்னும் சொல்லோ பிராங்கு என்னும் இனப்பெயரின் திரிபு. அவ்வினத்தாரே பிரெஞ்சு தேசத்திற்குப் பெயர் தந்தவர். அராபியரும் பாரசீகரும் ஐரோப்பியர் அனைவரையும் அப்பெயராலேயே சுட்டினர். அவர்கள் வாயிலாக அது நம்மை வந்தடைந்தது.

இம்மலையின் கல்லுக்கும் ஒரு தனிப் புகழ் உண்டு. கரிய நிறமும் மிகுந்த வன்மையும் உடைய இவ்வினக் கல்லைப் பூதத்துவ சாஸ்திரிகள் சார்னாக்கைட்டு என்பர். கல்கத்தாவில் 1690-ல் ஆங்கிலக் கம்பெனியின் குடியிருப்பை நிறுவிய ஜோப் சார்னாக்கு என்பவரின் கல்லறைப் பலகை இவ்வினக் கல்லால் ஆனது. அதனை ஆராய்ந்த தாமஸ் ஹாலந்து என்னும் அறிஞர், 1893-ல் அக்கல்லறைக்கு உரியவர் பெயரையே கல்லுக்கும் இட்டார். பரங்கிமலை, பல்லாவரம் பகுதியே இவ்வினத்திற்கு மூலவிடமாக உலகெங்கும் உள்ள பூதத்துவ நூலோரால் கொள்ளப்படுகின்றது.

இத்துணை வன்மையான கல்லை வெல்லும் கலையை நம் நாட்டார் முன்னரே கற்றிருந்தனர். பல்லாவரத்துக் குன்றில் மகேந்திரவர்ம பல்லவன் 7-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஒரு குகைக்கோயிலைக் குடைவித்துத் தன் விருதுப் பெயர்களையும் பொறிப்பித்தான். அக்குகை பிற்காலத்தில் முஸ்லிம்கள் வழிபடும் தர்காவாயிற்று. அவன் மரபினர் மாமல்லையில் செய்தனவற்றை உலகமே அறியும். ஆகவே பரங்கிமலையின் சிலுவையைக் காணப் புகுவோர், அது கல்லுளி ஓசை நிறைந்திருந்த ஒரு நாட்டில் நிற்கின்றது என்பதை முதற்கண் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

கர்ணபரம்பரையும் அதன் சான்றுகளும்

இயேசு பெருமானின் பன்னிரு சீடருள் ஒருவராகிய தோமையார் இந்தியாவுக்கு வந்து, மயிலாப்பூரில் போதித்து, கி. பி. 72-ல் இம்மலைமேல் ஈட்டியாற் குத்துண்டு இறந்தார் என்பது வழிவழி வந்த நம்பிக்கை. அவர் கொணர்ந்ததாகவும் லூக்கா சுவிசேஷகர் எழுதியதாகவும் சொல்லப்படும் தேவமாதா படம் ஒன்றும் இக்கோயிலில் போற்றப்படுகின்றது.

இந்நம்பிக்கைக்கு உரிய சான்றுகளை ஒவ்வொன்றாக நோக்குவோம். அவற்றுள் மிகப் பழையது, 3-ஆம் நூற்றாண்டில் சிரிய மொழியில் எழுந்த தோமையார் சரிதை. அதில் கொண்டபரன் என்னும் இந்திய அரசன் வருகின்றான். நெடுநாள் அவனைக் கற்பனை மாந்தன் என்றே அறிஞர் எண்ணினர். 19-ஆம் நூற்றாண்டில் அவன் பெயர் பொறித்த நாணயங்கள் வடமேற்கு நாட்டிற் கிடைத்தபின், அவன் 1-ஆம் நூற்றாண்டில் மெய்யாகவே ஆண்ட வேந்தன் என்பது தெளிவாயிற்று. ஆனால் அவன் ஆண்டது காந்தாரப் பகுதி, தமிழ்நாடன்று. ஆதலின் அந்நூல் முழுதும் பொய்யென்று தள்ளவும் இயலாது. முழுதும் மெய்யென்று கொள்ளவும் இயலாது.

அதன்பின் 6-ஆம் நூற்றாண்டில், பிரெஞ்சு நாட்டுத் தூர் நகரத்து அத்தியட்சராகிய கிரெகோரியார், தோமையார் உடல் முதலில் அடக்கம் பண்ணப்பெற்ற இந்திய நாட்டுத் தலத்தில் ஒரு மடமும் பெரிய கோயிலும் உண்டு என்று எழுதினார். அங்குச் சென்று மீண்ட தியோடோர் என்பவன் சொல்லக் கேட்டே அவர் அதனை எழுதினார். 1291-ல் மொந்தெ கொர்வீனோ ஊரினராகிய யோவான் என்னும் பிரான்சிஸ்கன் துறவி, சீன தேசம் செல்லும் வழியில் இந்நாட்டில் 13 மாதம் தங்கினார். உடன்வந்த நிக்கோலா என்னும் துறவியை இங்குள்ள தோமையார் கோயிலில் அடக்கம் செய்தார். அடுத்த சில ஆண்டுகளில் வந்த மார்க்கோ போலோ, அது வணிகர் மிகுதியும் நாடாத சிற்றூர் என்றும், கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் அத்தலத்திற்கு யாத்திரை வருகின்றனர் என்றும், அங்குள்ள செம்மண்ணை நோயாளருக்கு மருந்தாகக் கொடுக்கின்றனர் என்றும் குறித்துள்ளார்.

இவற்றால் துணியப்படுவது யாது? போர்த்துக்கேசியர் வருகைக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே இக்கடற்கரையில் கிறிஸ்தவர் இருந்தனர். தோமையார் பெயரால் ஒரு தலத்தைப் போற்றினர். இது உறுதி. அப்போஸ்தலர் தாமே இம்மலையில் இறந்தார் என்பதோ நம்பிக்கையின் பாற்படும்.

இவ்விடத்து ஒரு செய்தியை மாணவர் ஊன்றி நோக்குதல் வேண்டும். தோமையாரைக் கொன்றவர் யார்? பழைய சிரிய நூல், மஸ்தாய் என்னும் அரசன் ஆணையால் போர்வீரர் நால்வர் ஈட்டியாற் குத்தினர் என்கின்றது. மார்க்கோ போலோ கேட்ட கதையோ, மயிலை வேட்டையாடிய ஒருவன் எய்த அம்பு, காட்டினுள் ஜெபித்துக்கொண்டிருந்த அவர்மீது அறியாமற் பட்டது என்கின்றது. அந்தணர் ஒருவர் பகைமையாற் கொன்றார் என்னும் கதை, போர்த்துக்கேசியர் நூல்களின் வாயிலாகவே பெரிதும் பரவிற்று. ஒரே மரணத்திற்கு மூன்று காரணங்கள்! முதலிரண்டில் எந்தச் சமூகத்தின்மீதும் பழியில்லை, மூன்றாவதில் உண்டு. பக்தி மிகுதியால் நாம் திரும்பத் திரும்பச் சொல்லும் ஒரு கதை, அயலகத்தார்மேல் கொலைப்பழியைச் சுமத்துமாயின், அதன் சான்றை ஆராயாது விடுதல் அறமாகுமோ?

கோயில் எழுந்த வகை

போர்த்துக்கேசியர் 1523-ஆம் ஆண்டில் இம்மலைமேல் கோயில் எடுத்தனர் என்பர். 1547-ல் அங்கு மீண்டும் கட்டிட வேலைக்காக மண்ணை அகழ்ந்தபோது, சிலுவை பொறித்த கற்பலகை ஒன்று வெளிப்பட்டது. அதனைப் பீடத்தின் பின்புறச் சுவரில் பதித்து, கோயிலையும் அதற்கேற்ப அமைத்தனர். மலையின் வடக்கு அடிவாரத்தில் நான்கு வளைவுகளோடு கூடிய வாயில் ஒன்று நிற்கின்றது. அதன் மேலுள்ள சிலுவையில் 1547 என்னும் ஆண்டு பொறிக்கப்பட்டிருக்கின்றது.

கட்டிடக் கலையின் நோக்கில் இக்கோயிலை அறிதற்கு, நம் நாட்டு முறைக்கும் மேனாட்டு முறைக்கும் உள்ள அடிப்படை வேறுபாட்டை அறிதல் வேண்டும். தமிழ்நாட்டுக் கற்றச்சர் தூண் நிறுத்தி, அதன்மேல் போதிகை வைத்து, உத்தரம் கிடத்தி, கற்பலகையால் மூடுவர். பாரம் நேரே கீழ்நோக்கி இறங்கும். ஆதலால் தூண்கள் நெருங்கி நிற்றல் வேண்டும்; மண்டபம் தூண்களின் காடாகும். மேனாட்டாரோ ரோமர் வழிவந்த வளைவைக் கையாண்டனர். வளைவில் ஒரு கல் மற்றொரு கல்லை நெருக்கித் தாங்கும். இடையே தூணின்றி அகன்ற இடம் கிடைக்கும். ஆனால் வளைவு எப்பொழுதும் இருபுறமும் சுவரை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். அதனைத் தடுக்கவே பழைய பிரெஞ்சு ஊர்க்கோயில்களின் சுவர்கள் அத்துணைப் பருமனாயின. பலகணிகள் அத்துணைச் சிறியனவாயின. உள்ளே இருள் சூழ்ந்தது.

12-ஆம் நூற்றாண்டில் பாரிசுக்கு அருகிலுள்ள சேந்து தெனி மடத்துக் கோயிலைச் சூஜேர் என்னும் மடாதிபதி புதுக்கியபோது, கூர்நுனி வளைவும் விலாவெலும்பு போன்ற மேற்கட்டும் ஒருங்கே கையாளப்பட்டன. கூரிய வளைவு பாரத்தைச் செங்குத்தாக இறக்கும். எஞ்சிய தள்ளுதலை வெளியே நிற்கும் முட்டுச்சுவர்கள் தாங்கும். அதனால் சுவர் மெலிந்தது, பலகணி பெருத்தது, வண்ணக் கண்ணாடி வழியே ஒளி உள்ளே பாய்ந்தது. 1194-ல் எரியுண்டபின் மீண்டும் எழுந்த ஷார்த்தர் பேராலயம் அம்முறைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அம்முறையின் பிற்காலச் சாயலை நம் கண்ணெதிரே காண விரும்புவோர், 1896-ல் நிறைவுற்ற சாந்தோம் பேராலயத்தைக் காண்க.

பரங்கிமலைக் கோயில் அக்கூர்வளைவு மரபைச் சேர்ந்ததன்று. வெண்சுதை பூசிய எளிய முகப்பும், கடற்காற்றையும் மழையையும் தாங்கத் தக்க கட்டும் உடையது. சென்னைக் கடற்கரைச் சுண்ணம், கிளிஞ்சலைச் சுட்டு எடுப்பது. நன்கு அரைத்துத் தேய்த்தால் சலவைக்கல் போல மின்னும் என்று வெளிநாட்டார் பலர் வியந்துள்ளனர். ஆகவே வடிவம் மேனாட்டதாயினும், பூசுபொருளும் பூசும் கையும் நம்முடையனவே.

உயரத்தால் கண்ணைக் கவர்வது இக்கோயிலின் கருத்தன்று. உள்ளே புகுவார் நோக்கமெல்லாம் பீடத்தின் பின்னுள்ள ஒரு கல்லின்மேற் செல்லும். தூர் நகரத்தில் மார்த்தீன் அடியாரின் கல்லறையைச் சூழ்ந்து பெருங்கோயில் எழுந்தது. நம் நாட்டிலும் சுயம்புலிங்கம் வெளிப்பட்ட இடத்தைச் சூழ்ந்து கருவறையும், அதனைச் சூழ்ந்து மண்டபங்களும் எழுகின்றன. அவ்வாறே இங்கும் கண்டெடுத்த கல் முந்தியது. கட்டிடம் அதற்கு வாய்த்த உறை.

கற்சிலுவையின் அமைப்பு

இனி அக்கல்லை நோக்குவோம். சிலுவையின் கைகள் பூமொட்டுப் போல் விரிந்து முடிகின்றன. அது படிகளின்மேல் நிற்கின்றது. அடியிலிருந்து இலையிதழ்கள் இருமருங்கும் சுருண்டெழுகின்றன. மேலே ஒரு புறா தலைகீழாக இறங்குகின்றது. அது பரிசுத்த ஆவியின் அடையாளம். இருபுறமும் தூண்கள், தூண்களின்மேல் மகரங்கள், அவற்றை இணைக்கும் வளைவு. அவ்வளைவினைச் சுற்றி அயல்மொழி எழுத்துக்கள் ஓடுகின்றன. சிலுவையில் அறையுண்ட இயேசுவின் உருவம் இதில் இல்லை. பாடுபட்ட மரத்தைக் காட்டாது, துளிர்த்த மரத்தைக் காட்டுவது கீழ்நாட்டுச் சிரிய, பாரசீகக் கிறிஸ்தவரின் வழக்கம்.

ஆயின் மகரங்கள் பாரசீகத்திலிருந்து வந்தனவல்ல. மகர தோரணம் நம் நாட்டுச் சிற்பிகளின் பழஞ்சொத்து. மாமல்லையில் திரௌபதி ரதம் என வழங்கும் கொற்றவை கோயிலைப் பார்த்தவர்க்கு அது புதிதாகத் தோன்றாது. எழுத்தின் வடிவைக்கொண்டு இச்சிலுவையை 7 முதல் 9-ஆம் நூற்றாண்டுக்குள் அடக்குவர் அறிஞர். அது பல்லவர் காலமேயாகும். அயல்நாட்டார் வணங்கிய சிலுவைக்கு, இந்நாட்டார் தம் தெய்வங்களுக்கு எடுக்கும் தோரணமே எடுக்கப்பட்டது. இதனைவிட அமைதியான ஒரு சான்று, பண்டைக்காலத்து இரு நெறியாரின் உறவுக்கு வேறு வேண்டுமோ?

இவ்வகைச் சிலுவை இங்கு மட்டும் உள்ளதன்று. மலையாள நாட்டில் கோட்டயம் வலியபள்ளியிலும் முட்டுச்சிறை, கடமற்றம் முதலிய ஊர்களிலும் இத்தகையன உள. இலங்கையில் அனுராதபுரத்தில் எழுத்தில்லாத சிலுவை ஒன்று 1912-ல் கிடைத்தது. இவை யாவும் மேலைக் கடலினின்று கீழைக் கடல்வரை பரவியிருந்த வணிகக் கிறிஸ்தவரின் அடிச்சுவடுகள். கொல்லத்தில் 849-ஆம் ஆண்டில் தரிசாப்பள்ளி என்னும் கோயிலுக்கு வேணாட்டு ஐயனடிகள் அளித்த செப்பேடு இதனை வலியுறுத்தும். வட்டெழுத்தில் எழுதிய அப்பட்டயத்தின் இறுதியில், சாட்சிகள் அராபிய எழுத்திலும் பஃலவி எழுத்திலும் எபிரேய எழுத்திலும் கையொப்பமிட்டுள்ளனர். பரங்கிமலைச் சிலுவையைச் சுற்றி ஓடுவதும் அப்பஃலவி எழுத்தேயாகும்.

எழுத்தைப் படித்த கதை

சிலுவை கிடைத்த காலத்தில் அவ்வெழுத்தை யாராலும் படிக்க இயலவில்லை. போர்த்துக்கேசியர் கற்றறிந்த அந்தணர் ஒருவரை அழைத்துக் காட்டினர். அவர் ஒவ்வோர் எழுத்திலும் பல சொற்கள் அடங்கியிருப்பதாகக் கூறி, தோமையார் வருகையையும் அவர் ஓர் அந்தணர் கையால் இறந்ததையும் விரித்துரைக்கும் நீண்ட வாசகம் ஒன்றைச் சொன்னாராம். கேட்டவர் எதிர்பார்த்தது அதுவே. ஆதலால் ஐயமின்றி ஏற்றனர். ஐரோப்பிய நூல்களிலும் அவ்வாசகம் ஏறிற்று. 16-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் 1704 வரை, இச்சிலுவை சிற்சில வேளைகளில் நிறம் மாறி இரத்த வியர்வை சிந்திற்று என்ற செய்தியும் பரவிற்று. தேவமாதா திருநாளாகிய டிசம்பர் 18-ஆம் நாளோடு அதனை இணைத்துப் போற்றினர்.

ஏறக்குறைய 300 ஆண்டு கழித்து, சென்னை மாகாணத்து நீதிபதியாக இருந்த ஏ. சி. பர்னெல் என்னும் அறிஞர், 1873-ல், அது பாரசீகத்துப் பஃலவி எழுத்து என்று கண்டு வெளியிட்டார். கோட்டயத்துச் சிலுவையிலும் அதே வாசகம் இருப்பது இதற்குப் பெருந்துணையாயிற்று. ஆயினும் படிப்பது எளிதன்று. பஃலவியில் ஒரே வடிவம் பல ஒலிகளுக்கு நிற்கும். நம் பழைய ஓலைச்சுவடிகளில் புள்ளியின்றியும், ஒற்றைக்கொம்பு இரட்டைக்கொம்பு வேறுபாடின்றியும் எழுதியதால் விளையும் மயக்கத்தை அறிந்தவர்க்கு அவ்விடர்ப்பாடு விளங்கும். அறிஞர் பலர் பலவாறு படித்தனர். 1929-ல் விங்க்வொர்த்து என்பவர் ஒரு வாசகத்தை வெளியிட்டார். 1970-ல் கிராப்பு என்னும் ஜெர்மானிய அறிஞர் வேறுபட்ட ஒன்றை வெளியிட்டார். வேண்டுவோனுடைய பெயரைப் பற்றியும், அவன் சிலுவைக்குச் செய்த தொண்டு வெட்டியதோ கொணர்ந்ததோ என்பதைப் பற்றியும் அவர்கள் மாறுபடுகின்றனர். ஆனால் ஒன்றில் இருவரும் உடன்படுகின்றனர்: அது கிறிஸ்துவை நோக்கிய ஒரு வேண்டுகோள், சஹார்புக்து என்பவன் வழிவந்த ஒருவன், ஆண்டவரே எனக்கு இரங்கும் என்று கேட்டுக்கொள்கின்றான். அவ்வளவே.

எவ்வளவு வேறுபாடு! நெடுங்கதை மறைந்தது, அப்போஸ்தலர் பெயர் இல்லை, கொலை இல்லை, கொலைஞன் இல்லை, ஒரு குலத்தின்மேற் பழி இல்லை. தன் பிறந்த நாட்டைவிட்டுக் கடல் கடந்து வந்த எளியவன் ஒருவன் இரக்கம் வேண்டும் குரல் மட்டும் எஞ்சிற்று. ஆராய்ச்சி நம்பிக்கையைக் கெடுக்கும் என்று அஞ்சுவோர் இதனை எண்ணிப் பார்த்தல் நலம். இங்கு ஆராய்ச்சி ஒரு பழிச்சொல்லை நீக்கி ஒரு ஜெபத்தை நமக்கு மீட்டுத் தந்தது. பழைய வாசகத்தைவிட இப்புதிய வாசகமே சுவிசேஷத்திற்கு அணித்தானது என்பது என் துணிபு.

படிகட்டிய அர்மீனியர்

போர்த்துக்கேசியர் ஆதிக்கம் குன்றியபின் இக்கோயிலைப் பேணியவருள் தலைசிறந்தவர் கோஜா பெத்ரூஸ் உஸ்கான் என்னும் அர்மீனிய வணிகர். அவர் மணிலாவிலிருந்து 1724-ல் சென்னைக்கு வந்தார். மலையேறும் யாத்திரிகரின் இன்னலைக் கண்டு, அடிவாரம் முதல் உச்சிவரை கற்படிகள் அமைப்பித்தார். சென்னையினின்று மலைக்கு வருவோர் அடையாற்று வெள்ளத்தில் தடைப்படாதவாறு, 1726-ல் சைதாப்பேட்டையில் தம் செலவில் பாலமும் கட்டுவித்தார். மர்மலாங்குப் பாலம் என்று நெடுங்காலம் வழங்கிய அதன் இடத்தில் 1960-களில் மறைமலையடிகள் பாலம் எழுந்தது. பழைய பாலத்தின் கல்வெட்டு மட்டும் அருகே எஞ்சி நிற்கின்றது. அது பாரசீகம், அர்மீனியம், இலத்தீன் என்னும் மூன்று மொழிகளில் உள்ளது.

உஸ்கான் 1751-ல் இறந்தார். உடல் வேப்பேரியில் அடக்கமாயிற்று. அவர் விருப்பின்படி இருதயத்தை மட்டும் ஒரு பேழையில் வைத்துப் பாரசீகத்து ஜூல்பா நகருக்குக் கொண்டுசென்றனர் என்பர். அயலான் ஒருவன் பிறந்த மண்ணில் தன் நெஞ்சத்தை வைத்துவிட்டு, வாழ்ந்த மண்ணுக்குப் படிகளையும் பாலத்தையும் வைத்துப் போனான். இன்று அப்படிகளில் ஏறுவோர் எந்நெறியினராயினும், அவன் கடனாளிகளே.

போரும் அளவும்

கோயிலின் அடிவாரம் எப்பொழுதும் அமைதியாக இருந்ததில்லை. பிரெஞ்சுக்காரர் லல்லியின் தலைமையில் சென்னையை முற்றுகையிட்டிருந்தபோது, 1759 பிப்ரவரியில் இம்மலையடியில் அவர்க்கும் ஆங்கிலேயர்க்கும் கடும்போர் நிகழ்ந்தது. 1769-ல் ஹைதர் அலி தன் குதிரைப்படையுடன் இதன் பக்கத்தே வந்து நின்று ஆங்கிலேயரை உடன்படிக்கைக்கு இணங்கச் செய்தான். பின்னர் இது பீரங்கிப் படையின் பாளையமாயிற்று.

வாளினும் பீரங்கியினும் நிலைத்த வேறொரு செயல் 1802-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் நாள் இங்குத் தொடங்கிற்று. வில்லியம் லாம்டன் என்பார் இந்தியாவை அளக்கப் புகுந்து, பரங்கிமலைக்கும் பெரும்பாக்கத்துக் குன்றுக்கும் இடையே ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோட்டை 100 அடி எஃகுச் சங்கிலியால் அளந்தார். வெயிலில் சங்கிலி நீளும், அதையும் கணக்கிட்டார். அவ்வொரு கோட்டைப் பிழையின்றி அளந்தபின், எஞ்சியவற்றை முக்கோணங்களால் கணித்துக்கொண்டு வடக்கே சென்றனர். அவ்வளவையின் தொடர்ச்சியே 1856-ல் இமயத்தின் மிக உயர்ந்த சிகரம் 29,002 அடி என்று அறிவித்தது. கால் படாத சிகரத்தை அளக்க வல்லது, காலடியில் உள்ள கோட்டைச் செவ்வனே அளந்த கையே.

சரித்திர மாணவருக்கும் இதுவே நெறி. தோமையார் வருகை என்னும் தொலைச்சிகரம் மேகம் சூழ்ந்தது. அதனைக் காண விழைவோர் முதலில் அடிக்கோட்டை அளத்தல் வேண்டும். கல் எவ்வினத்தது, எழுத்து எக்காலத்தது, ஆண்டு எது, சொன்னவர் எவர், கண்டு சொன்னாரோ கேட்டுச் சொன்னாரோ என்பனவே அவ்வடிக்கோடு. அதனைப் பிழைபட அளந்து சிகரத்தை நோக்கிக் கைநீட்டுவோர் தாமும் தவறுவர்; பிறர்க்கும் தீங்கு செய்வர்.

முடிவுரை

இக்கோயில் இன்றும் வழிபாடு நிகழும் தலம். 1986-ஆம் ஆண்டு பிப்ரவரி 5-ஆம் நாள் போப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் இங்கு வந்து ஜெபித்தார். 2011-ல் இது தேசியத் திருத்தலமாக அறிவிக்கப்பெற்றது. விழாநாட்களில் படியேறும் கூட்டத்தில் கிறிஸ்தவரேயன்றி இந்துக்களும் முஸ்லிம்களும் உளர். மார்க்கோ போலோ கண்ட காட்சி 700 ஆண்டு கடந்தும் மாறவில்லை.

மாணவ நண்பர்காள்! செங்கல்பட்டினின்று சென்னைக்கு ரெயிலிற் செல்லுங்கால் அக்குன்றைப் பன்முறை கண்டிருப்பீர்கள். ஒரு நாள் இறங்கிச் சென்று படியேறுங்கள். கட்டிடம் சிறியதென்று இகழாதீர்கள். பீடத்தின் பின்னுள்ள கல்லை உற்று நோக்குங்கள். மகரம் நம் சிற்பியினது, எழுத்து பாரசீகனது, அதைப் பதித்த சுவர் போர்த்துக்கேசியனது, உங்களை மேலே ஏற்றிய படி அர்மீனியனது, அங்கு ஒலிக்கும் ஜெபம் தமிழ். இத்தனை பேரும் ஒரு கல்லைச் சூழ்ந்து கூடினர். அக்கல்லோ யாரையும் குற்றஞ் சாட்டவில்லை. தன்னைப் படைத்தவரிடம் இரக்கம் ஒன்றையே கேட்கின்றது. அதனைச் சரியாகப் படிக்க நமக்கு 300 ஆண்டுக்கு மேற் சென்றது. இனியேனும் மறவாதிருப்போமாக.